ஒத்த படங்கள்

மீன்கொத்தியும் காளானும் வேறு வேறு என்பது பேச்சு வராத பிள்ளைக்குக்கூடத் தெரியும். கழகத்தின் இணையதளத்துக்குத்தான் தெரியவில்லை. தண்ணீருக்கு மேல் தவமிருந்த மீன்கொத்தி, மக்கிய இலைக்குள்ளிருந்து குடை விரித்த காளான், கூரைக்கடியில் தொங்கிய குளவிக்கூடு, ஓடைக்கரைத் தவளை, அப்புறம் தும்பிகள், தும்பிகள், மேலும் தும்பிகள். எல்லாவற்றையும் ஒரே வரிசையில் அடுக்கி, மேலே ‘ஒத்த படங்கள்: ஓர் இனம்’ என்று போட்டிருந்தது. இனத்தின் பெயர் வரவேண்டிய இடம் வெறுமையாக இருந்தது.

எக்ஸ்ரே அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டாள். வரிசை மாறவில்லை.

ஊர் இயற்கை வரலாற்றுக் கழகத்தில் யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. யார் எதன் பின்னால் அலைகிறார்களோ அதுவே அவர்கள் பெயர். காளான் டீச்சர். குளவிக்காரர். விடுமுறை கிடைத்தால் போதும் என்று சதுப்புநிலத்து முழங்கால் சேற்றில் போய் நிற்கும் அவள் தம்பி, வெறும் தும்பி. தம்பி என்றாலும் தும்பி என்றாலும் திரும்பிப் பார்ப்பான். அவள் ஒருத்திதான் எதன் பின்னாலும் அலையாதவள். பகலெல்லாம் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பாள். சாயங்காலம், சைக்கிள் கடைக்கு மேல்மாடியில் இருந்த கழகத்தின் ஒற்றை அறைக்கு வந்து இணையதளத்தைப் பார்த்துக்கொள்வாள்.

அவள் கைக்கு வந்தபோது அது இணையதளமாகவே இல்லை. படங்கள் பாதி தலைகீழாக நின்றன. ‘தேடு’ என்று தட்டினால் அதுவே தொலைந்துபோகும். செயலாளர் ஓய்வுபெற்ற மாட்டு டாக்டர். “இதுக்கு வைத்தியம் பாக்கறதுக்கு, முட்டற மாட்டுக்கே பாத்துடலாம்மா” என்பார். அவள் விடவில்லை. ஒவ்வொன்றாகச் சரிசெய்தாள். உறுப்பினர்கள் எங்கிருந்தாலும் கைபேசியிலிருந்தே படத்தை ஏற்றிவிடலாம் என்று ஆக்கினாள். அதற்கு மேல் நேற்றுத்தான் இந்தப் புதிய வசதியைச் சேர்த்தாள். ஒரு படத்தைக் கொடுத்தால், அதில் இருக்கும் உயிர் வேறு எந்தெந்தப் படங்களில் இருக்கிறது என்று தானே தேடி வரிசைப்படுத்தும்.

முதல்நாள் அல்லவா, தடுமாறத்தான் செய்யும் என்று அந்த வரிசையை அழித்தாள். மறுபடி ஓடவிட்டாள்.

வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது. கடைக்காரர் நேரத்தோடு கதவை இழுத்துவிட்டுப் போய்விட்டார். கீழே எப்போதும் கேட்கும் காற்றடிக்கும் சத்தமும் சுத்தியல் சத்தமும் இல்லாமல் கட்டடமே காலிப் பாத்திரம் மாதிரி ஒலித்தது. தகரக் கூரையில் மழை ஒரே சீராக அரைத்தது. பூச்சிகளைக் குத்தி வைத்திருந்த கண்ணாடிப் பெட்டிகளிலிருந்து கற்பூர உருண்டை வாசனையும், அதற்கடியில் இன்னொரு வாசனையும், குளத்தைத் தூர்வாரும்போது கிளம்புமே அந்தப் பழைய சேற்று வாசனையும் வந்துகொண்டிருந்தன. தம்பி வந்துபோனபோது செருப்பிலிருந்து உதிர்ந்த மண்ணாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். இருட்டு அன்றைக்கு முன்னதாகவே வந்து ஜன்னலில் முகம் வைத்திருந்தது.

வரிசை திரும்ப வந்தது. அதே மீன்கொத்தி. அதே காளான். கூடவே, முன்பு இல்லாத சில படங்களும்.

எரிச்சலோடு, எதை வைத்துப் பொருத்தினாய் காட்டு என்று கேட்கும் பொத்தானைத் தட்டினாள். ஒவ்வொரு படத்திலும் ஒரு பச்சைக் கட்டம் விழுந்தது.

மீன்கொத்தியின் மேல் விழவில்லை. அதற்குப் பின்னால், தண்ணீரில் நட்டிருந்த ஒரு கம்பத்தின் மேல் விழுந்தது. காளானுக்குப் பின்னால் இருந்த மொட்டை மரக்கட்டையின் மேல். குளவிக்கூட்டுக்கு அப்பால் திண்ணென்று நின்ற சிமெண்ட் தூணின் மேல். தவளைக்குப் பின்னால், ஓடைக்கரைப் பாறையின் மேல்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. மரத்தையும் கல்லையும் சிமெண்டையும் ஒரே இனம் என்கிறதே! படம் எடுத்தவர்கள் யாரும் அவற்றைக் கவனித்திருக்க மாட்டார்கள். அவரவர் கண் அவரவர் பறவை மேல். பின்னால் கலங்கலாக என்ன நின்றால் யாருக்கென்ன?

ஆனால் அவள் தொழில் வேறு. நோயாளி கை வலிக்கிறது என்று காட்டிய இடத்தோடு நிற்காமல் மற்ற இடத்தையும் பார்த்துப் பழகிய கண். ஒவ்வொரு கட்டத்தையும் பெரிதாக்கினாள். எல்லாம் ஏறக்குறைய ஓர் ஆள் உயரம். எல்லாவற்றிலும் நடுவில், உச்சியிலிருந்து அடிவரை, ஒரு மெல்லிய கோடு.

விரிசல் என்றுதான் முதலில் நினைத்தாள். பிறகு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். எலும்பு முறிந்தால் ஒரு கோடு விழும். இரண்டு எலும்புகள் சேரும் இடத்திலும் ஒரு கோடு உண்டு. முறிந்த கோடு கிழிந்திருக்கும். சேர்ந்த கோடு மூடியிருக்கும். இத்தனை வருடத்தில் அவள் இரண்டையும் குழப்பிக்கொண்டதே இல்லை.

இது மூடியிருந்தது.

பக்கிக் குருவியின் ஞாபகம் வந்தது. கழகத்துக் கூட்டங்களில் எல்லாருக்கும் பிடித்த பறவை அது. பகலில் பட்ட கிளையில் உட்கார்ந்து, கண்ணைக் கீறலாகச் சுருக்கிக்கொண்டு, தானும் ஒரு கிளையாகிவிடும். பக்கத்திலேயே நின்றாலும் தெரியாது. அது தன் உயிரைக் காத்துக்கொள்ள அப்படிச் செய்கிறது. இரை பிடிப்பதற்காக அப்படிச் செய்கிற பூச்சிகளும் உண்டு. பூவோடு பூவாக, இலையோடு இலையாக நிற்கும். வருவது தானாக வரும்.

கைபேசியை எடுத்துச் செயலாளரைக் கூப்பிட்டாள்.

“என்னம்மா, இந்த மழையிலயும் ஆபீஸா?”

“சார், போன மாசம் ஓடைக்கரையில ஒரு தவளை எடுத்தீங்களே, அந்த இடம் ஞாபகம் இருக்கா?”

“இல்லாம? வழுக்கி விழுந்து இடுப்பு புடிச்சுக்கிட்ட இடமாச்சே.”

“தவளைக்குப் பின்னால ஒரு பாறை இருக்கே.”

“பாறையா? அங்க ஏதும்மா பாறை? வெறும் மணல். விழுந்து எந்திரிச்சு அங்கதான் காலை நீட்டி உக்காந்து, பிளாஸ்க்ல இருந்த டீயைக் குடிச்சேன்.”

அவள் படத்தைப் பார்த்தாள். பாறை இருந்தது.

“ஹலோ? இருக்கியாம்மா?”

“இருக்கேன் சார். காளான் டீச்சர் ஏன் இப்ப வர்றதில்ல?”

“அவங்க பொண்ணு வீட்டுக்குப் போயிட்டாங்கன்னு சொன்னாங்களே.”

“அவங்களுக்குக் கல்யாணமே ஆகல சார். பொண்ணு எங்கேருந்து வந்துச்சு? யார் சொன்னா?”

“யாரோ சொன்னாங்க. யாருன்னு… தெரியலையேம்மா.” பிறகு, பேச்சை மாற்றுகிறவர்போல, “நான் மத்தியானம் அங்க வந்திருந்தேன். உன் தம்பியும் இருந்தான். அவன் கிளம்புனப்புறம் சுவத்துல ஒரு அந்துப்பூச்சியைப் பாத்தேன், உள்ளங்கை அகலம். நல்லா எடுத்திருக்கேன். வீட்ல நெட்டு இழுத்துக்கிட்டு கிடக்கு, கிடைச்சதும் ஏத்தறேன்” என்றார்.

பேச்சை முடித்ததும் வரிசையைத் தேதிப்படி அடுக்கச் சொன்னாள். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அது ஆள் மாற்றி ஆள் போயிருந்தது. முதலில் டீச்சரின் படங்கள் மட்டும். காட்டுக்குள் எங்கோ தொலைவில் ஒரு கட்டை. அடுத்த வாரம் வேறொரு தோப்பு. கட்டை இன்னும் கொஞ்சம் பெரிதாக. பிறகு டீச்சரின் வீட்டுப் பின்கட்டு, செங்கல் இடுக்கில் முளைத்த குட்டிக் காளான்கள். பின்னால், துணி துவைக்கும் கல் அருகே, ஒரு கல். கடைசிப் படத்தில் காளான் ஒரு மூலையில் துணுக்காகத் தெரிந்தது, மீதியெல்லாம் சாம்பல். அதற்குப் பிறகு டீச்சரின் பக்கத்தில் படமே இல்லை. கணக்கு தூங்குகிறது என்று இணையதளம் குறித்திருந்தது. அந்த மாதிரி எத்தனையோ கணக்குகள் தூங்கின. ஆர்வம் போய்விட்டது என்று எல்லாரும் நினைத்துக்கொள்வார்கள். தேடிக்கொண்டு போய் யார் கதவைத் தட்டினார்கள்?

அடுத்து குளவிக்காரர். தொலைவில் ஒரு தூண். பக்கத்தில் ஒரு தூண். பிறகு அவரும் தூங்கிவிட்டார்.

செயலாளரின் தவளை ஒன்று, மீன்கொத்தி எடுத்த யாரோ ஒருவர். இருவரையும் அது தொட்டுப் பார்த்துவிட்டு நகர்ந்ததுபோல் ஒவ்வொரு படம்தான்.

அப்புறம் தும்பிகள். கடைசிவரை தும்பிகள்.

அவள் தம்பிக்குப் பால்பல் விழுந்ததிலிருந்து காதோரம் நரை விழுந்ததுவரை கூடவே இருந்து பார்த்தவள். அம்மா அப்பாவுக்குப் பிறகு அவனுக்கு அவள், அவளுக்கு அவன், அவ்வளவுதான் வீடு. படங்களைத் தள்ளினாள். நாணல் புதருக்குள் ஒரு நாணல், மற்றவற்றைவிடத் தடித்தது. வரப்பில் ஒரு முளைக்குச்சி. படகுத்துறையில் ஒரு கம்பம். கிட்டே. இன்னும் கிட்டே. இன்று காலை எடுத்த படத்தில் செந்தும்பி ஒன்று ஓலை நுனியில் அசையாமல் இருந்தது. அதற்குப் பின்னால் பாதித் திரையை அடைத்துக்கொண்டு, ஓலைகளின் பச்சையும் பழுப்பும் கோடு கோடாக வாங்கிக்கொண்டு, அது. நடுக்கோடு முழுதாக மூடியிருக்கவில்லை. உள்ளே ஈரமாக ஏதோ மினுங்கியது.

தம்பியைக் கூப்பிட்டாள். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி. எடுக்கவில்லை.

எழுந்து போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். ஏன் போட்டாள் என்று தெரியாது, கை போட்டது. திரும்பி வந்து உட்கார்ந்து மறுபடி கூப்பிட்டாள். கணினியின் விசிறி மூச்சிரைத்தது. படிக்கட்டில் எங்கோ ஒழுகி, டப், டப் என்று வாளியில் விழுந்தது. எடு. எடுடா. எடு.

எடுத்தான்.

“என்னக்கா, இத்தனை தடவை? வண்டி பஞ்சர். ரோட்டோரமா மழையில நின்னுக்கிட்டு இருக்கேன்.”

அவள் புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

“அக்கா? அழறியா?”

“ஒண்ணுமில்ல. நீ எங்க இருக்க? உன்கூட யாரு இருக்கா?”

“யாரு இருப்பா? நானும் பஞ்சரும். ஒட்டறவர் வந்துட்டார், முடிஞ்சதும் கிளம்பிடுவேன்.”

“பக்கத்துல கம்பம் கிம்பம் ஏதாவது இருக்கா?”

“ரோடுன்னா கம்பம் இருக்காதா? என்னாச்சு உனக்கு?”

“டேய், நான் சொல்றதைக் கேளு. படம் எதுவும் எடுக்காத. எங்கயும் நிக்காத. நேரா இங்க வா.”

“மத்தியானத்துக்கு மேல எடுத்ததெல்லாம் ஏத்திட்டேனே, பாக்கலையா? ஆபீஸுக்கு வந்து பேட்டரிய சார்ஜ் போட்டு எடுத்துக்கிட்டு, திரும்பவும் சதுப்புக்குத்தான் போனேன். ஒரு நீலத்தும்பி மாட்டுச்சு பாரு, கண்ணு பட்டுடும்.”

பேசிக்கொண்டே அவன் பக்கத்தைத் திறந்தாள். மத்தியானத்துக்குப் பிந்திய படங்கள் வரிசையாக இருந்தன. நீலத்தும்பி. நீலத்தும்பி. அதே ஓலைகள், அதே கரை. ஒன்றில்கூடப் பச்சைக் கட்டம் இல்லை. தும்பிக்குப் பின்னால் தண்ணீர், தண்ணீருக்குப் பின்னால் வானம். வேறெதுவும் இல்லை.

அவனை விட்டுவிட்டது.

“பாத்தேன்டா” என்றாள். “ரொம்ப அழகா இருக்கு. பத்திரமா வா.”

மேசையில் தலையைக் கவிழ்த்து நெற்றியைக் குளிர்ந்த பலகையில் வைத்துக்கொண்டாள். எவ்வளவு நேரம் அப்படி இருந்தாளோ, மழை கொஞ்சம் தணிந்திருந்தது. விட்டுவிட்டது, விட்டுவிட்டது என்று இரத்தம் காதுக்குள் அடித்தது. அப்புறம் அந்த நிம்மதிக்குள்ளேயே ஒரு கேள்வி, சோற்றில் கல் மாதிரி, பல்லில் பட்டது.

எங்கே விட்டது?

காலையில் சதுப்பில் அவன் கூடவே இருந்தது. மத்தியானத்துக்குப் பிறகு இல்லை. இரண்டுக்கும் நடுவில் அவன் வந்துபோன இடம் ஒன்றுதான்.

கணினி மெல்ல மணியடித்தது. புதிய படம் வந்திருக்கிறது. அனுப்பியவர்: செயலாளர். ஒத்த படங்கள் வரிசையில் அது தானாகப் போய் உட்கார்ந்தது.

உள்ளங்கை அகல அந்துப்பூச்சி. இந்த அறைச் சுவர். அறிவிப்புப் பலகையின் ஓரம். அதற்கு அடுத்தாற்போல, சாம்பல் நிற இரும்பு பீரோ. பீரோவுக்குப் பக்கத்தில் இன்னொரு பீரோ.

கட்டம் இரண்டாவதன் மேல் இருந்தது.

அறையில் ஒரு பீரோதான். அது அவள் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

சாயங்காலம் முழுக்க இருந்தது.

சேற்று வாசனை இப்போது அறை நிறைய இருந்தது. செருப்பு மண் இல்லை. செருப்பு மண் இவ்வளவு நேரம் ஈரமாக இருக்காது.

திரும்பக் கூடாது என்று நினைத்தாள். திரும்பாமல் இருக்கவும் கூடாது. கணினித் திரையின் ஓரத்தில் தன் முகம் நிழலாகத் தெரிந்தது, தோளுக்கு மேலே விளக்கு தெரிந்தது. மூச்சை அடக்கினாள். நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். திரும்பினாள்.

ஒரு பீரோ.

ஒன்றுதான். கைப்பிடி உடைந்தது, மேலே பழைய பத்திரிகைக் கட்டு ஏற்றியது. அவள் அறிந்த பீரோ. அதற்குப் பக்கத்தில் தரையில் அகலமாக ஓர் ஈரத்தடம். ஈரம் சுவரோரமாகப் போயிருந்தது. கண்ணாடிப் பெட்டிகளைத் தாண்டி. ஜன்னலைத் தாண்டி. ஓரிடத்தில் காய்ந்து, மங்கி, இல்லாமல் போயிருந்தது.

போய்விடு. வெளியே போய்விடு. கீழே தெரு இருக்கிறது, தெருவில் விளக்கு இருக்கிறது, மனிதர்கள் இருக்கிறார்கள். கைபேசியை மட்டும் எடுத்துக்கொண்டாள். பீரோவைப் பார்த்தபடியே பின்னால் நகர்ந்தாள். ஓர் அடி. இன்னும் ஓர் அடி. கதவுப் பக்கம் திரும்பினாள்.

இரண்டு கதவுகள் இருந்தன.

பக்கம் பக்கமாக. இரண்டும் பச்சை வண்ணம் உரிந்தவை. இரண்டும் நடுவில் சேர்கிற இரட்டைப் பலகைக் கதவுகள், உச்சியிலிருந்து அடிவரை நடுவில் ஒரு கோடு. இரண்டிலும் துருவேறிய இரும்புத் தாழ்ப்பாள். இரண்டிலும் தாழ்ப்பாள் போட்டிருந்தது.

இத்தனை வருடமாக வந்துபோகிற அறை. கதவு சுவரின் நடுவில் இருந்ததா, ஓரத்திலா? இடப்பக்கமா, வலப்பக்கமா? கண்ணை மூடினால் நினைவு வரலாம். மூட முடியவில்லை. எத்தனையோ பேர் எலும்புக்குள் பார்த்த கண். ஒரு கதவைத் தெரியவில்லை.

படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்டது. இரண்டிரண்டு படியாகத் தாவி வரும் நடை. அவனேதான். சின்ன வயதிலிருந்து அப்படித்தான் ஏறுவான்.

“அக்கா!” தட்டினான். “கதவைத் தொற, தொப்பலா நனைஞ்சுட்டேன்.”

இரண்டு கதவுகளும் அதிர்ந்தன.

“தம்பி” என்றாள். குரல் வெளியே வரவில்லை. “தட்டிக்கிட்டே இரு. நிறுத்தாத.”

“என்னக்கா? கேக்கல.” மறுபடி தட்டினான், பலமாக. வண்ணப் பொருக்கு உதிர்ந்தது. இரண்டிலிருந்தும் உதிர்ந்தது. “அக்கா, உள்ளதான இருக்க? பயமுறுத்தாத. தொற.”

காதைக் கிட்டே கொண்டுபோனாள். அவன் குரல் இடப்பக்கத்துக் கதவுக்குப் பின்னாலிருந்துதான் வந்தது. நிச்சயமாக அங்கிருந்துதான். அவ்வளவு தெளிவாக, அவ்வளவு கிட்டே, பலகைக்கு இந்தப் பக்கமே நின்று பேசுவதுபோல.

கையை நீட்டித் தாழ்ப்பாளைப் பிடித்தாள்.

வெதுவெதுப்பாக இருந்தது.